இரண்டும் இடது பக்கம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற பாதையில் ஒரு மதியம் எங்கள் காரின் பிரேக் கைவிட்டது. மேலே ஒரு நண்பரின் புதுமனை புகுவிழா. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். காரில் நானும் என் மனைவியும் மட்டும்தான். பாதி தூரம் இறங்கியபோது கருகல் வாசனை வந்தது. "எங்கியோ சோத்தைத் தீய உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன். பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. கார்தான் வேகம் குறையவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரங்களை இறக்கி ஒருவழியாக நிறுத்தினேன். கதவில் ஒரு நீளக் கீறல் விழுந்தது. அதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

அரை மணி நேரம் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தோம். சக்கரங்கள் ஆறியதும் பிரேக் தானாகத் திரும்பி வந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கும்போது, "இனி இந்த வண்டியில நான் மலைக்கு வரமாட்டனுங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்கு அது என் ஓட்டுதலைக் குறை சொன்னதுபோல இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பீளமேட்டில் ஒரு பம்பு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தேன். தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. கார் என்னைவிடச் சில வயதுதான் இளையது. அதற்கு நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். அன்று நடந்தது அதுதான். அந்த வருஷங்களில் ஊரெல்லாம் ஓடத் தொடங்கியிருந்த சின்னக் கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. சக்கரத்தோடு ஒரு வட்டத்தகடு சுழலும். காலிப்பர் என்கிற இரும்புக் கவ்வி அதை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். காற்று படுவதால் சீக்கிரம் சூடு தணிந்துவிடும். அதை நம் காருக்கு மாற்றினால் என்ன என்று தோன்றியது. தோன்றிய பிறகு தூக்கம் பிடிக்கவில்லை.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஒன்றில் விபத்துக் கார்களைப் பிரித்துப் போடுவார்கள். கடைக்காரர் ஐம்பது வயது பாய். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எந்தக் குவியலில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே சொல்வார். அவரிடம் இரண்டு வட்டத்தகடு, இரண்டு காலிப்பர், பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற, அதற்குத் தோதான மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வாங்கினேன். காலிப்பரை நம் காரின் அச்சில் பொருத்த இடையே ஒரு தடித்த தகடு வேண்டும். அதை நானே அளந்து வரைந்தேன். தெரிந்த லேத் பட்டறையில் வெட்டித் துளை போட்டுக் கொடுத்தார்கள். தகட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கும் சரியாக உட்காரும். அந்த யோசனையை நினைத்து எனக்கு ஒரு திருப்தி.

வேலை எளிதாகவே நடந்தது. போர்ட்டிகோவில் காரை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். கடைசி வேலை எண்ணெய்க் குழாய்களில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. காற்று இருந்தால் மிதிக்கிற அழுத்தம் அதிலேயே அமுங்கிப்போகும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கிற நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"என்னங்க பண்ணோணும்?" என்று ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"அமுக்குன்னா அமுக்கு. புடின்னா புடி. விடுன்னா விடு. வேற ஒண்ணும் வேண்டாம். சொன்னதை மட்டும் செய்."

அவள் தலையாட்டினாள். அப்படியே செய்தாள்.

இடது சக்கரத்தில் முதலில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு சுத்தமான எண்ணெய் வந்தது. வலது சக்கரத்தில் இரண்டாவது மிதிக்கே குமிழ் நின்றுவிட்டது. வலது பக்கம் வேலை சுலபமாக முடிந்ததென்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் பெடல் பஞ்சாக இருந்தது. மிதித்தால் பாதிக்கு மேல் இறங்கியது. தெருவில் மெதுவாக ஓட்டிப் பிரேக் போட்டதும் கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், எதிர் வீட்டுச் செம்பருத்திச் செடி வரை சென்று நின்றது.

இடது பக்கம் இழுத்தால் இடது காலிப்பர் இறுகிக்கொள்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அடுத்த பத்து நாளும் வேலை முடிந்து வந்தவுடன் சட்டையை மாற்றிக்கொண்டு இடது சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். காலிப்பரைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற பிஸ்டனை வெளியே எடுத்து உப்புத்தாள் போட்டேன். ரப்பர் வளையம் புதிதாக மாட்டினேன். திரும்பப் பூட்டி, அவளைக் கூப்பிட்டு, அமுக்கு, புடி, விடு. பெடல் அப்படியே இருந்தது. ரப்பர் குழாயை மாற்றினேன். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன். இடது காலிப்பரை இரண்டாம் முறையும் பிரித்தேன். வலது பக்கத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. அதில் குமிழே வரவில்லையே, அது நல்லது என்று மனதில் முடிவாகியிருந்தது.

அந்தப் பத்து நாளில் எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. சண்டை எதுவும் இல்லை. நான் எதையோ நிரூபித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கூப்பிட்டால் வந்து உட்காருவாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காப்பி கொண்டுவந்தாள். நான் இடது சக்கரத்தடியில் இருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு வலது பக்கமாகச் சுற்றி வந்தவள் அங்கே குனிந்து நின்றாள். பிறகு கேட்டாள்:

"ஏனுங்க, அந்தப் பக்கம் நிப்பிள் மேல இருக்குது. இந்தப் பக்கம் கீழ இருக்குது. அப்பிடித்தான் இருக்கோணுமுங்களா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். வலது காலிப்பர் தலைகீழாக இருந்தது. காற்று மேலே நிற்கும், எண்ணெய் கீழே நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை முறை திறந்தாலும் எண்ணெய்தான் வரும், காற்று உள்ளேயே கிடக்கும். அதனால்தான் வலது பக்கம் குமிழே வரவில்லை. அதனால்தான் அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒழுங்காகப் பிடிக்கிற இடது பக்கமாகக் கார் இழுத்தது. நல்ல காலிப்பரை நான் இரண்டு முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.

திருப்பி மாட்டலாம் என்றால் முடியாது. இடது காலிப்பரையும் வலது காலிப்பரையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவை ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். இவை இரண்டும் ஒரே வார்ப்பு. இரண்டுமே இடது பக்கத்துக்கானவை. ஒரு பாகத்தை வரைந்துவிட்டு, மறுபக்கம் இதற்கு எதிராக என்று குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. தினமும் எழுதுவேன்.

"இதை எப்பப் பாத்தே?" என்று கேட்டேன்.

"மொத நாளேங்க. உக்காரும்போதே பாத்தனுங்க. அது அப்பிடித்தானாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சொல்லியிருக்கலாமல்ல?"

அவள் ஆறிப்போன காப்பியை எடுத்துச் சூடு பண்ண உள்ளே போனாள். நான் முதல் நாள் சொன்னது எனக்கே ஞாபகம் வந்தது. அவளும் அதை மறக்கவில்லை என்று தெரிந்தது. அதைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மறுநாள் காலை வலது சக்கரத்திலிருந்து அந்தக் காலிப்பரைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு உக்கடம் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை இருந்தது. பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடி பார்த்தார்.

"லெஃப்டு. இன்னொண்ணும் லெஃப்டுங்களா?"

"ஆமாங்க பாய்."

"தப்பு என்னோடதுதானுங்க சார். ரெண்டு வண்டியில இருந்து நாலு எறங்குச்சு. ரெண்டு உங்களுக்குக் குடுத்தேன். மீதி ரெண்டை அதே வாரம் ஒரு பெரியவரு வாங்கிட்டுப் போனாருங்க." அவர் கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றினார். "அப்ப அவருகிட்ட ரெண்டும் ரைட்டு."

அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தேன். அவரிடமும் எங்களுடையது போலவே ஒரு பழைய காராம். வெள்ளை நிறம். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். வேறொன்றும் தெரியாது. பெயரும் கேட்கவில்லை.

வேறு ஒரு வலது காலிப்பர் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. எங்கள் காரில் வலது பக்கம் கெட்டது, அதனால் இடது பக்கம் இழுத்தது. அதாவது ரோட்டின் ஓரத்துக்கு. அந்தப் பெரியவரின் காரில் இடது காலிப்பர்தான் தலைகீழாக இருக்கும். பிரேக் போட்டால் அது வலது பக்கம் இழுக்கும். எதிரே வருகிற வண்டிக்கு.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னைக்கே போலாமுங்க. நானும் வாரேன்" என்றாள்.

காரமடையில் இறங்கும்போது பதினோரு மணி இருக்கும். கோயில் பக்கம் கூட்டம். பஸ் நிலையத்தின் அருகே கறிவேப்பிலைக் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தோம். பழைய வெள்ளைக் கார் என்றதும் ஒருவர் சிரித்தார். "தழைய டிக்கியில ரொப்பி, மூடாம கவுறு போட்டுக் கட்டிட்டு வருவாரே, அவருங்களா?" என்று கேட்டு வழி சொன்னார். மேற்கே ஒன்றரை மைல் நடந்தோம். தோட்டத்து வீட்டின் முன்னால் கார் நின்றது. எங்களுடைய காரைப் போலவே, அழுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம். நான் யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் குனிந்து முன்சக்கரத்தின் உள்ளே பார்த்துவிட்டேன். இடது பக்கம் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருங்க அது, வண்டிக்கு அடியில?"

வெள்ளைச் சட்டை போட்ட உயரமான மனிதர். அறுபதை நெருங்கியிருப்பார். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டியிருந்தார்.

"கோயமுத்தூர்ல இருந்து வர்றோமுங்க. உங்க பிரேக் விசயமாப் பேசலாம்னு."

"பிரேக் விசயமாவா? விக்கறதுக்கு வந்திருக்கறீங்களா?"

உக்கடத்துக் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "என்ற வண்டி நல்லாத்தானுங்க ஓடுது தம்பி. மேட்டுப்பாளையத்துக்கும் இங்கியுமா நித்தம் போயிட்டு வந்துட்டுத்தான இருக்கறேன். ரெண்டு மிதி மிதிச்சா நின்னுக்கும்" என்றார்.

"வலது பக்கம் இழுக்குதுங்களா?"

"கொஞ்சூண்டு. நான் ஸ்டியரிங்க எடது பக்கம் ஒரு புடி புடிச்சுக்குவேன். பழகிப்போச்சு."

வாசலில் பிளாஸ்டிக் சாக்கு விரித்துத் தழையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தலை நிமிர்த்தாமல் பேசினார். "ரயில் கேட்டுப் பக்கத்துல லாரிக்காரன் எறங்கி வந்து வஞ்சுட்டுப் போனானே, அதையுஞ் சொல்லுங்க."

"அவன் வேகமா வந்தான்."

"நீங்க அவன் பக்கம் போயிட்டீங்க." இப்போது அவர் என் மனைவியைப் பார்த்தார். "அன்னீலிருந்து நான் இவரு கூட வண்டியில ஏர்றதில்ல கண்ணு. கோயிலுக்கும் நடந்தேதான் போறேன்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து அவளும் தழையை அடுக்கத் தொடங்கினாள்.

பெரியவரை வாதத்தில் மடக்க முடியாது என்று தெரிந்தது. ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டேன். தோட்டத்துக்குள் நேராக ஒரு மண்பாதை போனது. அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓரளவு வேகம் வந்ததும், "இப்ப ஸ்டியரிங்க விட்டுட்டுப் பிரேக்க மட்டும் மிதிங்க" என்றேன்.

"கைய விடறதா?"

"இங்க எதிர்ல யாரும் இல்லீங்களே."

அவர் கையை எடுத்து மிதித்தார். கார் யாரோ பிடித்து இழுத்ததுபோல வலது பக்கம் திரும்பி, பாதையை விட்டு இறங்கி, கறிவேப்பிலை வரிசைக்குள் புகுந்து நான்கைந்து செடிகளைச் சாய்த்துவிட்டு நின்றது. முறிந்த தழையின் வாசனை காருக்குள் நிறைந்தது. அவர் இறங்கிப் பின்னால் நடந்துபோய் மண்ணில் விழுந்திருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார். நேராக வந்த தடம் எந்த இடத்தில் வளைகிறது என்று காலால் தொட்டுப் பார்த்தார்.

"பேரப் புள்ளைங்கள இதுலதான் பள்ளிக்கோடம் கொண்டுபோய் உடறேன்" என்றார். என்னிடம் சொன்னதுபோல இல்லை.

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "கழட்டிப்போடுங்க தம்பி. என்ன சாமான் வேணும்?" என்றார்.

அந்தக் காலிப்பரோடு ஸ்பேனரும் பிரேக் எண்ணெய் டப்பாவும் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். ஜாக்கி அவரிடம் இருந்தது. அவருடைய இடது சக்கரத்தில் தலைகீழாக இருந்த வலது காலிப்பரைக் கழற்றி, என்னிடமிருந்த இடதை மாட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. போல்ட் இறுக்கும்போது அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நிழல் கொடுத்தார். வேண்டாமென்றாலும் கேட்கவில்லை.

காற்று எடுக்கிறபோது அவரே பெடலில் உட்கார்ந்தார். அவரால் அது முடியவில்லை. அமுக்கச் சொன்னால் உதைத்தார். பிடித்திருக்கச் சொன்னால், நான் நிப்பிளை மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டார். வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறியது. மூன்றாவது தடவை என் மனைவி எழுந்து வந்தாள்.

"நீங்க எறங்குங்க. அம்மா, நீங்க வாங்க. நான் சொல்லித் தாரேன்."

பெரியவரின் மனைவி தயங்கினார். அந்தக் காரில் முன் சீட்டில் அதுவரை ஒருநாளும் உட்கார்ந்ததில்லையாம், ஸ்டியரிங் பக்கம் கேட்கவே வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். என் மனைவி கதவோரம் நின்று அவருடைய முழங்காலில் கை வைத்துக்கொண்டு, "மெதுவா அமுக்குங்க. காலு கீழ போகும், பயப்படாதீங்க. மூடியாச்சுன்னு இவரு சொன்ன பொறவுதான் விடோணும்" என்றாள். எதற்காக அப்படி என்றும் சொன்னாள். காற்று மேலே போய் நிற்கும், எண்ணெய் கீழே தங்கும், இடையில் காலை எடுத்தால் வந்த காற்று மறுபடி உள்ளே போய்விடும் என்று. நான் அவளுக்கு அதையெல்லாம் சொன்னதில்லை. பத்து நாள் பெடலில் உட்கார்ந்து அவளாகவே தெரிந்துகொண்டது.

அந்த அம்மாள் ஒருமுறைகூடத் தவறவில்லை. இருபது மிதி இருக்கும். குமிழ் வந்தது, குறைந்தது, நின்றது. "ஏனுங்க, இப்பக் கல்லாட்ட நிக்குது" என்றார் உள்ளேயிருந்து.

மறுபடி அதே மண்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். இந்த முறை பெரியவர் தானாகவே கையை எடுத்துவிட்டுப் பிரேக் போட்டார். கார் பாதையின் நடுவிலேயே நின்றது. மறுபடி ஒருமுறை செய்தார். மூன்றாவது முறையும் செய்தார். திரும்பி வந்ததும் மனைவியிடம், "ஏறு, கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். "மொதல்ல ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குச் சோறு போடறேன். நாளைக்கு வாரேன்" என்றார் அந்த அம்மாள்.

எங்களைச் சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். பஸ் நிலையம் வரை காரில் கொண்டுவந்து விடுவதாகப் பெரியவர் சொன்னார். ஏறினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்ற லாரியின் பின்னால் தேவைக்கு அதிகமான இடைவெளி விட்டு நிறுத்தினார்.

பஸ்ஸில் வலது காலிப்பர் என் மடியில் இருந்தது. செய்தித்தாளை மீறி எண்ணெய் கசிந்து வேட்டியில் பட்டது. என் மனைவி கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"அவங்களுக்கு எவ்வளவு தெளிவாச் சொன்னே" என்றேன்.

"சொன்னாப் புரிஞ்சுக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்போது தூங்கிவிட்டாள்.

அன்றே மாட்டுவேன் என்று நினைத்தேன். களைப்பாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் மாட்டினேன். காற்று எடுக்க அவள் வந்து உட்கார்ந்தபோது, "நீயே சொல்லு, நான் தெறக்கறேன்" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள்: அமுக்கிட்டேன், தெறங்க, மூடுங்க. வலது சக்கரத்திலிருந்து குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தனை நாளும் அங்கேயே அடைந்து கிடந்த காற்று.

மறுநாள் விடியற்காலையில் அவினாசி ரோட்டில் வண்டிகள் குறைவாக இருந்தபோது இருவரும் போனோம். விமான நிலையம் தாண்டியதும், பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நன்றாக மிதித்தேன். கார் மூக்கைத் தாழ்த்தி நேராக நின்றது. எனக்குப் பெரிய சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. பசிதான் எடுத்தது.

"இன்னொருக்கா மிதிங்க" என்றாள். மிதித்தேன். மறுபடியும் நேராக நின்றது.

"சரி, திருப்புங்க. பால்காரர் வந்து நிப்பாரு" என்றாள்.